கேள்வி தெரியாமல் தூக்கிய கை

காய்ச்சல் வந்து உலகத்தில் முக்கால்வாசிப் பேர் செத்த பிறகுதான் மேவிஸ் ப்ரோபர்ட்டுக்குப் பெரிய வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார இடம் கிடைத்தது. காய்ச்சல் தொலைக்காட்சிக்காரர்களுடையது. வீடு மிஸ்டர் பென்னலுடையது. பதினாறு வயதில் அந்த வீட்டுப் பால் அறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பின்வாசலைத் தவிர வேறு வாசல் அறியாதவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் முன்வாசல் வழியாக நடந்து போய், மெழுகு பூசிய ஓக் மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். உட்காரச் சொன்ன பெண், "இன்னும் கொஞ்சம் உரிமையோட உட்காருங்க, இது உங்க வீடு" என்றாள். மேவிஸுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

தொடருக்கு 'காய்ச்சலுக்குப் பின்' என்று பெயர். தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு பழைய மாளிகையில் ஒன்றுசேர்ந்து வாழ்கிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே தானியக் கிடங்கு, எல்லோருக்கும் வேலை, எல்லாவற்றுக்கும் கூட்டம், கூட்டத்தில் கை தூக்கி ஓட்டு. பேசுகிற வேஷங்களுக்கு லண்டனிலிருந்து நடிகர்கள் வந்தார்கள். பேசாத வேஷங்களுக்கு எங்கள் பிரெட்ஹோப் கிராமத்து ஆட்கள் போதும் என்று முடிவாயிற்று. மண் வெட்டவும், கூடை தூக்கவும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தலையாட்டவும் ஆள் வேண்டுமே.

சமையலறைச் சுவரில் அந்தக் கூட்டத்தின் சட்டங்களைக் கரியால் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. உழைக்கிறவருக்கெல்லாம் ஒரு ஓட்டு. ஓட்டு சமமாக வந்தால், இருக்கிறவர் இருப்பார். கடைசிச் சட்டம் எதற்கென்று மேவிஸ் விசாரித்தாள். யாரையாவது வெளியேற்றலாமா என்று ஓட்டெடுத்து இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் அவரை வெளியேற்றக் கூடாதாம். நல்ல சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் ஆனதும் சட்டமெல்லாம் சுவரோடு நின்றுவிடும். நடிகர்களுக்கு ஒரு கூடாரம், மேஜை விரிப்போடு. கேமராக்காரர்களுக்கு இன்னொன்று. கிராமத்து ஆட்கள் அவர்களெல்லாம் சாப்பிட்டு முடிக்கும்வரை வரிசையில் நின்று, தட்டை வாங்கி, ஆப்பிள் மரத்தடியில் உட்கார வேண்டும். பேசாத வேஷக்காரர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேமரா ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அவர்களை நடிகராகக் கணக்கில் வைக்க வேண்டும், நடிகர் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கை தூக்கலாம். குரல் எழுப்பக் கூடாது. எல்லோரும் சமம் என்று படம் பிடிக்கிறவர்கள் செய்த ஏற்பாடு இது. எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெரிய வீட்டில் எப்போதும் நடந்துவந்த வழக்கம்தானே அது.

சாயங்காலம் வீடு திரும்பினால் வில்ஃப் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். வில்ஃப் அவள் கணவர். பென்னல் பண்ணையின் மாட்டுக்காரராக இருந்தவர். ஈரத்தோடு போரேற்றிய புல்லில் பூத்த பூசணத்தை வருஷக்கணக்கில் மூச்சோடு இழுத்து நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இப்போது வாசல் கேட் வரை நடந்தால் திரும்பி வரத் துணை வேண்டும்.

"இன்னிக்கு என்ன பண்ணினாங்க?"

"கூட்டம் போட்டாங்க."

"நேத்தும் கூட்டம்தானே?"

"நேத்து கோதுமை பத்தி. இன்னிக்கு துப்பாக்கி யாருகிட்ட இருக்கணும்ங்கிறது பத்தி."

"பசுவை யாரு கறந்தா?"

"ஷாட் முடிஞ்சதும் பசுவை லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

வில்ஃப் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமும்போது இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஏதோ தரையில் தொலைத்ததைத் தேடுகிறவர் போல இருப்பார். அது அடங்கிய பிறகு சொல்வார்: "நிலம் யாருக்கும் சொந்தமில்லைன்னு சுலபமா எழுதிட்டாங்க. சொந்தக்காரன் எல்லாம் காய்ச்சல்ல செத்துட்டான், அப்புறம் என்ன? இங்க பென்னலுக்கு ஒரு தும்மல்கூட வரலை பாரு."

அந்த வருஷம் அறுவடை முடிந்த கையோடு பென்னல் வந்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். புது மாட்டுக்காரர் வரப்போகிறார், அவருக்குக் குடும்பம் இருக்கிறது, வீடு வேலையோடு சேர்ந்தது, லேடி டே வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்றார். லேடி டே மார்ச்சுக் கடைசியில் வரும். எங்கள் பக்கம் பண்ணைக் குத்தகைகள் கைமாறுகிற நாள் அது, பிறந்த வீடுகளை விட்டு ஜனங்கள் வண்டியேறுகிற நாளும் அதுதான்.

பக்கத்து டவுனான லெம்ஸ்டரில் மேவிஸின் தங்கை எட்னாவுக்கு ஒரு சின்ன அறை உபரியாக இருந்தது, ஒருத்தருக்கு மட்டும். நகராட்சி வீட்டுக்கு வரிசை நீளம். அந்த டவுனின் கோடியில் முதியோர் ஆஸ்பத்திரி இருந்தது. பெயரை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலில் பூச்சட்டி வைத்தாலும், பழைய ஆட்களுக்கு அது கதியற்றவர்களை அடைக்கிற ஏழைவிடுதிதான். வில்ஃபின் அப்பா அங்கேதான் செத்தார்.

"நீ எட்னா வீட்டுக்குப் போ. நான் அங்க போய்க்கிறேன்" என்றார் வில்ஃப்.

"இன்னொரு தடவை அதைச் சொன்னா இந்தக் கெண்டியைத் தலையில கவுத்துடுவேன்."

"வேலை செய்யாத மாட்டுக்குத் தீவனம் போடுவாங்களா மேவிஸ்?"

"நீ மாடா?"

அன்றிலிருந்து மேவிஸுக்கு ஒரே பயம்தான். வீடு போவதைவிடப் பெரிய பயம். இந்த மனிதர் தன்னைத்தானே சுமை என்று தீர்மானித்து, அவளுக்கு வழிவிடுவதாக நினைத்துக்கொண்டு, ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவாரோ என்பதுதான். அதை மட்டும் நடக்கவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். காலையில் படப்பிடிப்புக்குப் போகும்போதுகூடப் பக்கத்து வீட்டு பெரிலிடம், "ஒரு கண்ணு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

தொடரை எழுதியவர் ஏட்ரியன் ஃபாஸ் என்கிற இளைஞர். தாடியும் கோடு போட்ட கார்டுராய் கோட்டுமாக, வெயிலானாலும் மழையானாலும் படியில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்களைப் போலில்லாமல் கிராமத்து ஆட்களுடன் மரத்தடியில் சாப்பிட உட்காருவார். அதனாலேயே மேவிஸுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒரு மதியம் அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நுரையீரல், பூசணம், பென்னல், லேடி டே, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுவது வரைக்கும்.

"அநியாயம்" என்றார் ஏட்ரியன். கண் கலங்கியிருந்தது. பொய்யான கலக்கம் இல்லை. "இதைத்தான் நான் பேசணும்னு நினைக்கிறேன், மிஸஸ் ப்ரோபர்ட். எல்லாமே பொதுன்னு ஆன இடத்துலகூட, உழைக்க முடியாதவனை என்ன பண்ணுவோம்? இதுக்குப் பதில் இல்லாத சித்தாந்தம் எனக்கு எதுக்கு?"

மேவிஸுக்குச் சித்தாந்தம் புரியவில்லை. ஆனால் யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டது ஆறுதலாக இருந்தது. வாங்கிய ரொட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கிய சமயத்தில் பெரிய கூட்டக் காட்சி ஒன்றைப் படம் பிடித்தார்கள். பேசாத வேஷக்காரர்களுக்கு வசனத் தாள் கொடுக்கும் வழக்கமில்லை. கதை என்னவென்று யாரும் சொல்வதுமில்லை. டெஸ்ஸா என்கிற உதவியாளப் பெண் வந்து தோளைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனாள்: "தலைவர் 'சம்மதிக்கிறவங்க' அப்படின்னதும் நீங்க தூக்குங்க. நீங்க வேண்டாம். நீங்க தூக்குங்க. மேவிஸ், நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க, வெளிச்சம் நல்லா விழுது, நல்லா உசத்தித் தூக்குங்க."

முதலில் அறை முழுவதையும் தூரத்திலிருந்து எடுத்தார்கள். தலைவராக நடித்தவர் தொண்டையைப் பாதுகாத்துக்கொண்டு முணுமுணுத்தார். மேஜையின் இந்தக் கோடிக்கு எதுவும் கேட்கவில்லை. 'சம்மதிக்கிறவங்க' என்ற வார்த்தை மட்டும் வந்தது. மேவிஸ் கையை நன்றாக உயர்த்தினாள். கோதுமைக்கோ துப்பாக்கிக்கோ இருக்கும் என்று நினைத்தாள்.

"பிரமாதம்" என்றார் இயக்குநர்.

அடுத்து கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை தலைவர் வாய்விட்டுப் பேசினார். "ஏமஸ் நல்லவர். அதுல யாருக்கும் சந்தேகமில்லை. ஆனா அவர் வேலை செஞ்சு மாசக்கணக்காச்சு. குளிர்காலம் முடியற வரைக்கும் கிடங்குல இருக்கிறது போதாது. அவர் தின்கிற ஒவ்வொரு கவளமும் ஒரு குழந்தையோடது." மேஜையின் அந்தக் கோடியில் ஏமஸாக நடித்த கிழவர் இருமினார். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்து, தலையைக் குனிந்து, தரையில் எதையோ தேடுகிறவர் போல.

மேஜை விளிம்பைப் பிடித்த அந்தக் கைகளையே மேவிஸ் பார்த்தாள்.

"ஏமஸ் போகணும்னு சம்மதிக்கிறவங்க" என்றார் தலைவர்.

கைகள் எழுந்தன. மேவிஸின் கை மடியிலேயே கிடந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பால் அறைப் பெண்ணாக அந்த வீட்டில் ஒரு நாளும் எழுப்பாத குரலில் அவள் சொன்னாள்:

"அவர் இங்கதான் இருப்பார்."

எல்லாம் நின்றது. காட்சித் தொடர்ச்சியைச் சரிபார்க்கிற பெண் கையில் தாளோடு ஓடிவந்தாள். "கண்ணு, முன்னாடி எடுத்ததுல உங்க கை மேல இருந்துச்சு. இப்பவும் மேல இருந்தாத்தான் ஒட்டும்."

"அப்போ கேள்வி என்னன்னு எனக்குத் தெரியாது."

"தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கண்ணு. கையைத் தூக்கினாப் போதும்."

"முடியாது."

இயக்குநர் கோபக்காரர் இல்லை, நேரமில்லாதவர். மேவிஸின் நாற்காலியில் வேறு ஒரு பெண்ணை முதுகு தெரிய உட்கார வைத்து எடுத்து முடித்துவிட்டார். மேவிஸ் முன்வாசல் வழியாக வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஏட்ரியன் பின்னாலேயே ஓடிவந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அற்புதம், மிஸஸ் ப்ரோபர்ட்! நான் எழுதினதைவிட நல்லா இருந்துச்சு. அதை வச்சுக்கணும்னு டைரக்டர்கிட்ட சண்டை போட்டேன். சங்க விதி, பேசாத வேஷம் பேசினா ஆயிரம் சிக்கல்னு மறுத்துட்டார்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது உங்க கதைதான், தெரிஞ்சுதா? நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். நாடே பார்க்கப்போகுது."

"என் கதையில நான் கை தூக்கலையே, மிஸ்டர் ஃபாஸ்."

மேவிஸ் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவுமில்லை, அவள் போகவுமில்லை.

"இன்னிக்கு என்ன பண்ணினாங்க?" என்று வில்ஃப் கேட்டார்.

"ஒண்ணுமில்லை. ஆள் போதுமாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் மறைத்ததாக அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இதை மட்டும் சொல்ல முடியவில்லை. வாய்விட்டுச் சொன்னதைச் சொல்ல வேண்டுமானால் கை தூக்கியதையும் சொல்ல வேண்டும். அதைவிட, அவருடைய இருமலை ஊருக்கு எடுத்துக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். படத்தில் அந்தத் துண்டை வெட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜனவரியில் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. பெரில் வீட்டில் கலர் டி.வி. இருந்ததால் தெருவே அங்கே கூடியது. மேவிஸ் தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். வில்ஃப் விடவில்லை. "நீ பெரிய வீட்டு மேஜையில உட்கார்ந்ததை நான் பார்க்க வேண்டாமா?" என்று கோட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த வீடுதான். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

ஏமஸ் இருமியதும் மேவிஸ் ஓரக்கண்ணால் வில்ஃபைப் பார்த்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலைவரின் பேச்சு முழுவதும் தெளிவாகக் கேட்டது. பிறகு அறை முழுவதும் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், எல்லோரையும்விட உயரமாக, மேவிஸின் கை.

"நம்ம மேவிஸ்! நம்ம மேவிஸ் பாருங்க!" என்று பெரில் கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு டி.வி.யில் தெரிந்த மேவிஸ்தான் தெரிந்தாள், எதற்காகக் கை தூக்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் கவனித்திருந்தார். அவரும் மெதுவாக இரண்டு தடவை தட்டினார்.

கதையில் மறுநாள் காலை ஏமஸ், யாரும் தூங்கி எழுவதற்கு முன்னால் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். பெரில் மூக்கைச் சிந்தினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வில்ஃப் சொன்னார்: "அந்தக் கிழவர் நல்லா இருமினார்." கேட்டருகில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் கை நல்லாத் தெரிஞ்சுது" என்றார்.

"தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன்" என்று மட்டும்தான் மேவிஸால் சொல்ல முடிந்தது. மிச்சத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இதைவிட முட்டாள்தனமான நினைப்பு அவள் வாழ்நாளில் இருந்ததில்லை.

காலையில் அவள் கீழே இறங்கி வந்தபோது வில்ஃப் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவுக்குப் போட்டுக்கொண்டு போகிற கறுப்புக் கோட்டு. பக்கத்தில் சின்னப் பை. ஒரு பூட்ஸின் நாடா கட்டியிருந்தது. இன்னொன்றுக்குக் குனியும்போது மூச்சு போய்விட்டது போலிருக்கிறது, நாடா தரையில் கிடந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பால் லாரி தெருமுனைக்கு வருகிற நேரம் அது. அதன் ஓட்டுநர் லெம்ஸ்டர் வழியாகத்தான் போவார்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஓட்டுத்தான் ஆயிடுச்சே, மேவிஸ்." சிரிக்கப் பார்த்தார்.

மேவிஸ் கத்தவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கட்டியிருந்த பூட்ஸின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மரத்தடி ரொட்டி, ஏட்ரியனின் கலங்கிய கண், முணுமுணுத்த தலைவர், கேள்வி கேட்காமலே தூக்கின கை, கேள்வி கேட்ட பிறகு தூக்காத கை. அழுகையில் பாதி வார்த்தை விழுந்துபோயிற்று.

"உன் இருமலை நான்தான் அவங்ககிட்ட கொடுத்தேன், வில்ஃப். தெரியாமக் கொடுத்துட்டேன்."

"அப்புறம் வாய்விட்டு என்ன சொன்ன?"

"அவர் இங்கதான் இருப்பார்னு."

"பெரிய வீட்டுக்குள்ளேயா? அத்தனை பேர் முன்னாடியா?"

"ஆமா."

பூட்ஸ் ஒன்று கழன்றது.

"சரி, உன் ஓட்டு அது. என் ஓட்டு போகணும்னு. ஒண்ணுக்கு ஒண்ணு."

"சமமா வந்தா இருக்கிறவர் இருப்பார். சுவத்துலயே எழுதி வச்சிருந்தாங்க."

"அது அவங்க சட்டம்."

"அவங்க சட்டத்துல உருப்படியானது அது ஒண்ணுதான். அதை நான் எடுத்துக்கிட்டேன்."

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அடித்துவிட்டுப் போய்விட்டது. வில்ஃப் மற்றொரு காலையும் அவள் பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. மார்ச்சுத் தொடக்கத்தில், ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கிய வாரத்தில், தன் கட்டிலில், மேவிஸ் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே, அவருக்கு மூச்சு நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தேவாலயத்துக் கல்லறைப் புல்வெளியில், வேலியோரமாகப் புதைத்தார்கள். அந்த வருஷம் முடிந்து புது வருஷம் பிறக்கும்போது, பண்ணை ஆட்களை இப்படி வீட்டை விட்டு இறக்கிவிட முடியாது என்று சட்டமே வந்தது. நல்ல சட்டம். மேவிஸுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

வில்ஃபைப் புதைத்த அதே மாசம், லேடி டே அன்று பென்னல் தன் டிராக்டரையும் டிரெய்லரையும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். எட்னா வீட்டுக்குப் போக வேண்டிய கட்டிலையும் அலமாரியையும் ஏற்ற உதவினார். பிறகு தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பிடித்தபடி நின்றார்.

"டி.வி.யில உங்களைப் பார்த்தேன், மிஸஸ் ப்ரோபர்ட். நல்லா பண்ணியிருந்தீங்க. எங்க ஹாலும் அழகா இருந்துச்சு."

"அந்தக் கை என்னோடது இல்லை, மிஸ்டர் பென்னல். கேள்வி என்னன்னு சொல்லாம வாங்கிக்கிட்டாங்க. தெரிஞ்சப்புறம் வாய்விட்டு ஒண்ணு சொன்னேன். அதைப் போடலை."

"என்ன சொன்னீங்க?"

மேவிஸ் சாவியை அவர் கையில் வைத்தாள். வேலிக்கு அப்பால், இன்னும் புல் முளைக்காத மண்ணைக் காட்டினாள்.

"அவர் இங்கதான் இருப்பார்னு சொன்னேன்."

பென்னல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் டிரெய்லரில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னாள்.